பித்தப்பையை எடுத்த பிறகும் வரும் தொல்லைகள்

பித்தப்பையை லேப்ராஸ்கோபியில் எடுத்தவர்களில் பலர் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அதோடு விஷயம் முடிந்தது. சிலருக்கு மட்டும் மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட ஏதாவது தலைகாட்டும். அப்போது 'கேஸ்', 'அல்சர்' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நாள் கடத்துவதில்தான் ஆபத்து.

"பையையே எடுத்தாச்சே, கல் எங்கிருந்து வரும்?" என்று கேட்பார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் இறங்கும் குழாய் அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே பையிலிருந்து நழுவி அதில் தங்கிய கல், நெடுநாள் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் அடைக்கும். குழாயிலேயே புதிதாகக் கல் உருவாவதும் உண்டு. வலது மேல்வயிற்றில் வலி, உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியே இல்லாமல், சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்திலும் மலம் வெளுத்தும் போய், உடம்பெல்லாம் அரித்தாலும் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் பழக்கம். அடைத்த கல் அதற்கெல்லாம் நகராது. எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் கல்லைப் பார்த்துவிட்டு, இ.ஆர்.சி.பி. முறையில் வாய்வழியாக என்டோஸ்கோப் செலுத்திப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

இதே அறிகுறிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆபரேஷனில் குழாய் காயப்பட்டிருந்தாலோ கருவியின் சூடு பட்டிருந்தாலோ, ஆறும் தழும்பு இறுகிக் குழாய் குறுகிவிடும். அரிதுதான்; ஆனால் சரிசெய்வது கடினம். இதில் கைதேர்ந்த சர்ஜன்கள் இருக்கும் பெரிய மையத்துக்கே போக வேண்டும். அரைகுறையாகக் கைவைத்தால் சிக்கல் கூடும்.

துளை போட்ட இடங்களையும் கவனியுங்கள். இருமும்போது தொப்புள் பக்கம் புடைத்தால் ஹெர்னியா. ஆறிய துளை மூன்று நான்கு வாரம் கழித்துக் கட்டியாகி, நீர்த்த சீழ் கசிந்தால் அது வேறு சங்கதி. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாதபோது, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. வழக்கமான ஆன்டிபயாடிக்கும் கேட்காது. சீழை அதற்கென்று உள்ள கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும்.

பையை எடுக்கும்போது வயிற்றுக்குள் சிந்திய கல் பின்னாளில் சீழ்க்கட்டியாவதும் எப்போதாவது நடக்கும். சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு என்பது அதைவிடச் சகஜம். தேங்க இடமில்லாத பித்தநீர் நேரே குடலில் இறங்குவதால் வருவது. பலருக்குத் தானாகவே குறையும். குறையாவிட்டால் மாத்திரையோ பொடியோ இருக்கிறது.

வயிற்றுவலி என்று எந்த டாக்டரைப் பார்த்தாலும், பித்தப்பை எடுத்ததை முதலிலேயே சொல்லுங்கள். பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள்.