உணவுப் பட்டியல் எவர் கையில்?

நூலின் விலையும் நெல்லின் விலையும் எவருடைய ஏட்டில் எழுதப்பட்டிருந்தனவோ, அவரே நெசவாளிக்கும் உழவனுக்கும் எஜமானராக விளங்கிய காலம் ஒன்று உண்டு. அந்த ஏட்டைத் தம் கைக்கு மாற்றிக் கொள்வதற்காகவே நம் முன்னோர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். இன்று அதே கேள்வி புதிய உருவத்தில், சங்கங்கள் நடத்தும் சிற்றுண்டிச் சாலைகளின் வாயிலில் வந்து நிற்கிறது. கைப்பேசியில் காணும் உணவுப் பட்டியலைக் குறித்தே இங்கு எழுதப் புகுகிறோம்.

உணவு விடுதி நடத்துவது கூட்டுறவுக்குப் புதிய தொழிலன்று. காபி வாரியம் தன் விடுதிகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தால் தாங்களே சங்கம் அமைத்தனர். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூரில் முதற் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் டில்லியில் விடுதி திறக்கப்பட்டது. இந்தியன் காபி ஹவுஸ் என்னும் பெயரால் இவ்விடுதிகள் இன்றும் நடைபெறுகின்றன. பரிமாறுபவரே உரிமையாளர் என்பது அவற்றின் பெருமை. ஆயினும் இக்காலத்தில் விடுதி நம்முடையதாக இருப்பது மட்டும் போதாது. அதன் பட்டியலும் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு உழவர் சங்கம் ஒன்றின் சிற்றுண்டிச் சாலையில் நாம் கண்ட காட்சி இதை நன்கு விளக்கும். ஒவ்வொரு மேசையிலும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியொன்று ஒட்டப்பட்டிருந்தது. குழந்தைகளுடன் வந்த ஒரு குடும்பத்தார் கைப்பேசியை அதன்மேல் காட்டினர். பட்டியல் தோன்றவில்லை, சந்தா செலுத்துமாறு கோரும் அறிவிப்பே தோன்றியது. குறியை அமைத்துத் தந்த வெளியார் விதித்த இலவசத் தவணை முடிந்துவிட்டதாம். அவர்கள் விடுதியின் பெயரை இணையத்தில் தேடினர். எப்போதோ வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் எடுத்துப் போட்ட பழைய பட்டியலின் படம் கிடைத்தது. அதில் கேழ்வரகுத் தோசை நாற்பது ரூபாய்; கல்லாவிலோ அறுபது ரூபாய். வாக்குவாதம் எழுந்தது. மேலாளர் பழைய விலையையே பெற்றுக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். இழந்தது சில ரூபாய்தான், ஆனால் “சங்கத்துக் கடையிலும் இப்படியா?” என்று அவர்கள் கேட்டுச் சென்ற சொல்லுக்கு ஈடு ஏது?

குற்றம் குறியினுடையதன்று. 1994ஆம் ஆண்டு ஜப்பானில் டென்சோ வேவ் என்னும் நிறுவனம், மோட்டார் உறுப்புகளைக் கணக்கில் வைப்பதற்காக இந்தக் கியூ.ஆர். குறியை உருவாக்கியது. காப்புரிமை இருந்தும், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைந்தது. தக்க முறையில் அமைத்தால், குறியின் பரப்பில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை கறைபட்டாலும் படிக்க இயலும். சாம்பார் சிந்தும் மேசைக்கு ஏற்ற சாதனமே. குறிக்குள் இருப்பது ஓர் இணைய முகவரி, அவ்வளவே. அது சங்கத்தின் சொந்த முகவரியாயின், எவரும் இடையில் நின்று சுங்கம் கேட்க முடியாது. வெளியாரின் முகவரி வழியாகச் சுற்றி வருவதாயின், அவர் கதவை அடைத்த அன்றே நம் பட்டியலும் மறைந்துவிடும்.

பட்டியலின் வலிமைக்கு மற்றொரு சான்றும் கூறுவோம். 2008ஆம் ஆண்டு டில்லியில் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த இரு இளைஞர்கள், உணவு விடுதிகளின் பட்டியல் அட்டைகளைப் படியெடுத்து இணையத்தில் வைத்தனர். இன்று நாடறிந்த ஜொமேட்டோவின் தொடக்கம் அதுவே. அடுப்பு மூட்டியவர் ஆயிரம் பேர். அவர்களது பட்டியல்களை ஓரிடத்தில் திரட்டியவருக்கே பெருவணிகம் கிட்டியது! இத்தகைய நிறுவனங்களை விலக்க வேண்டுமென நாம் கூறவில்லை. சந்தைக்குச் சரக்கு கொண்டு செல்வது தவறன்று. வீட்டுச் சாவியைச் சந்தையில் விட்டு வருவதே தவறு.

ஆதலின் சங்கங்கள் செய்யத்தக்கவை இவை. முதலாவதாக, சங்கத்தின் பெயரிலேயே இணைய முகவரி ஒன்றைப் பதிவு செய்து, ஆண்டுக் கட்டணத்தைத் தவறாது செலுத்தி வர வேண்டும். பதிவு, செயலாளர் அல்லது கணக்கரின் சொந்தப் பெயரில் இருத்தலாகாது. அவர் விலகினால் முகவரியும் விலகும்.

இரண்டாவதாக, பட்டியலைப் புகைப்படமாக வைக்காது, எழுத்தாகவே அமைக்க வேண்டும். படத்தைச் சிறு திரையில் இழுத்துப் பெரிதாக்கிப் படிப்பது கடினம். பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் கருவியும் எழுத்தை எளிதில் படிக்கும். விலை மாறும்போது ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். பண்டத்தின் பெயர், விலை, கிடைக்கும் வேளை, சைவமா அசைவமா என்பன தெளிவாக இருக்கட்டும். பாலும் கோதுமையும் நிலக்கடலையும் சிலர் உடலுக்கு ஒவ்வாதவை. அவை சேர்ந்த பண்டங்களைக் குறித்துக் காட்டுவது நலம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை நடத்துவோர், ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்னும் மத்திய அரசின் விதி 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவதாக, பட்டியலைத் திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, இறுதியாகத் திருத்திய நாளைப் பட்டியலின் அடியில் குறிக்கச் செய்க. சுவர்ப் பலகை, அட்டை, கைப்பேசி, ரசீது ஆகிய நான்கிலும் ஒரே விலை இருத்தல் வேண்டும். கூகிள் வரைபடத்தில் விடுதிக்குரிய இடத்தைச் சங்கம் தன் பொறுப்பில் ஏற்று, புதிய பட்டியலைத் தானே வைக்கலாம், இதற்குக் கட்டணமில்லை.

நான்காவதாக, பணம் செலுத்தும் குறியையும் பட்டியல் குறியையும் தனித்தனியே வைத்து, நாள்தோறும் கடை திறக்கும்போது சோதிக்க வேண்டும். குறியின்மேல் வேறு குறியை ஒட்டிப் பணம் பறிக்கும் வஞ்சகம் ஆங்காங்கு நடைபெறுகிறது.

பட்டியலைக் காண வருவோரிடம் கைப்பேசி எண்ணைக் கேட்பதும் முறையன்று. எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பசித்து வந்தவரிடம் முதலில் கேட்கத்தக்கது, “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதேயன்றி, “உங்கள் எண் என்ன?” என்பதன்று.

இறுதியாக ஒன்று. கைப்பேசி இல்லாத முதியவரும், எழுத்தறியாத தாயும் நம் விடுதிக்கு வருவர். அவர்களில் பலர் நம் அங்கத்தினர்களே. அவர்களுக்காக மேசையில் ஓர் அட்டையும், பண்டங்களைப் பொறுமையாக எடுத்துரைக்கும் ஒரு பணியாளரும் எக்காலமும் இருத்தல் வேண்டும். புதுமை வேண்டும், அது எவரையும் வாயிலிலேயே நிறுத்திவிடலாகாது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஒரு கேள்வியை எழுப்புவார்களாக: “நம் விடுதியின் பட்டியல் எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது?” விடை “சங்கத்தின் பெயரில்” என்று வருமாயின் மகிழ்வோம். வேறு விடை வருமாயின், அன்றே அதனை மாற்றத் தீர்மானம் இயற்றுவோமாக.