'டெண்டர்' படுத்திய பாடு

பள்ளியில் தமிழ் இலக்கண வகுப்பில் 'பல பொருள் ஒரு சொல்' என்று ஒரு பாடம் வரும். மாலை என்றால் பொழுது, பூமாலை. ஆறு என்றால் நதி, வழி, எண் என்று கடகடவென்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆங்கிலத்திலும் இந்தச் சங்கடம் உண்டு என்பது மட்டும் டில்லிக்கு வந்து, வேலைக்கே ஆபத்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பாடாய்ப் படுத்திய அந்தச் சொல் 'டெண்டர்'.

1976-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். பள்ளி இறுதி வரை தமிழ் வழியில் படித்தவன். கரோல்பாகில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறை; மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர். முதல் குளிர்காலம் வந்தது. காலை மூடுபனியில் பஸ் வருவதும் தெரியாது, வந்தால் எந்த நம்பர் என்பதும் தெரியாது. ஒரே மாதத்தில் நான்கு நாள் தாமதம். ஐந்தாம் நாள் என் மேஜை மீது ஒரு மெமோ கிடந்தது. மூன்று நாளுக்குள் 'டெண்டர் யுவர் எக்ஸ்பிளனேஷன்' என்று அதில் கண்டிருந்தது.

எக்ஸ்பிளனேஷன் என்றால் விளக்கம்; அது தெரியும். டெண்டர்? பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டிருக்கலாம். 'இதுகூடத் தெரியாதா?' என்று சிரித்துவிட்டால்? வெட்கம் தடுத்தது. அறைக்குப் போய்ப் பையடக்க அகராதியைப் புரட்டினேன். 'மென்மையான, இளகிய' என்று போட்டிருந்தது. ஆகா, எவ்வளவு நல்ல அதிகாரி! விளக்கத்தை மென்மையாகச் சொல்லச் சொல்கிறார் என்று மனம் குளிர்ந்து போனேன். மறுநாள் அவர் அறைக்குள் போய்க் கைகட்டி நின்று, பனியையும் பஸ்ஸையும் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் சொன்னேன். அவரும் ஏதோ ஃபைலைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். விஷயம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் இரண்டாவது மெமோ வந்தது. விளக்கம் தரத் தவறியதால் ஏன் மேல்நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நானோ தகுதிகாண் பருவத்தில் இருப்பவன். ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வயிற்றைக் கலக்கியது. அதற்கு மேல் வெட்கம் பார்க்க முடியவில்லை. எங்கள் பிரிவிலேயே இருந்த கும்பகோணத்துப் பெரியவர் ஒருவரிடம் இரண்டு மெமோக்களையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மெதுவாச் சொல்லச் சொன்னாருன்னு யாருப்பா உனக்குச் சொன்னா?"

"டிக்‌ஷனரியில போட்டிருந்தது சார்."

"அதுல மொத்தம் எத்தனை அர்த்தம் போட்டிருந்தது?"

"முதல் அர்த்தம்தான் சார் பார்த்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "இங்கே டெண்டர்னா எழுத்து மூலமாச் சமர்ப்பிக்கிறது. உட்காரு" என்று சொல்லி, நான்கு வரியில் பதில் எழுத வைத்தார். கையோடு அதிகாரியிடம் அழைத்துப்போய் நடந்ததையும் சொன்னார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மெமோ அத்துடன் ஃபைலுக்குள் போயிற்று, நான் பிழைத்தேன்.

அன்று முதல் இந்தச் சொல்லை நான் விடவில்லை. அதுவும் என்னை விடவில்லை. பத்திரிகையில் பக்கம் பக்கமாய் டெண்டர் நோட்டீஸ். அது நம் ஊரில் 'ஒப்பந்தப்புள்ளி'. பெரிய மனிதர் ஒருவர் ராஜிநாமாவை 'டெண்டர்' செய்தார் என்று ஒரு செய்தி. எங்கேயோ தீப்பிடித்தால் ஆறு 'ஃபயர் டெண்டர்'கள் விரைந்தன என்று இன்னொரு செய்தி. ஓட்டலில் 'டெண்டர் கோகனட்' என்றால் நம் இளநீர். சாணக்யபுரியில் 1977-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், நீராவி எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டிக்கும் அதே பெயர்!

பெரிய அகராதியைப் பிரித்து உட்கார்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இது ஒரு சொல்லே அல்ல. ஒரே எழுத்துகளில் மூன்று சொற்கள். மென்மை என்ற டெண்டர், 'டெனெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சமர்ப்பிக்கும் டெண்டருக்கு மூலம் 'டெண்டெரே'. அதற்கு 'நீட்டுதல்' என்று பொருள். இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளக்கத்தை நீட்டு, ராஜிநாமாவை நீட்டு, விலைப்புள்ளியை நீட்டு. நம்மிடம் 'நீட்டோலை' என்ற சொல் இல்லையா? திருவிதாங்கூரில் அரச ஆணைக்கே 'நீட்டு' என்றுதான் பெயர்.

ரயில் வண்டி டெண்டர் மூன்றாவது. கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் 'அட்டெண்ட்' குறுகி 'டெண்ட்' ஆகி, அதிலிருந்து பிறந்தது. பெரிய கப்பலுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் துணைப் படகும் டெண்டர்தான். எஞ்சினுடன் கூடவே போய் அதற்குத் தீனி போடும் வண்டியும் டெண்டர்தான். அட்டெண்ட் என்பதற்கும் மூலம் அந்த நீட்டுதலே. மனத்தை ஒன்றை நோக்கி நீட்டுவதுதானே கவனம்? ஆக, பின் இரண்டும் பங்காளிகள். முதலாவது மட்டும் வேறு குடும்பம். நான் மாட்டிக்கொண்டது அந்த வேறு குடும்பத்து ஆளிடம்.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் 'லீகல் டெண்டர்' அல்ல என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். பக்கத்து வீட்டாருக்கு நான் தயங்காமல் விளக்கம் சொன்னேன்: கடனைத் தீர்க்க ஒருவர் நீட்டினால், மற்றவர் சட்டப்படி தட்ட முடியாத பணம் அது. 2023 மே 19-ல் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்கியபோது, அது லீகல் டெண்டராகவே தொடரும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. இரண்டு அறிவிப்புகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. லக்னோக்கார நண்பர் ஒருவர் என்னிடம் ஆசையாய்த் தமிழ் கற்க வந்தார். 'படி' என்றால் வாசி என்று சொல்லிக் கொடுத்தேன். மறுவாரம் மாடிப்படி வந்தது. பிறகு அரிசி அளக்கும் படி, நகலாகிய படி, பயணப்படி, சொன்னபடி. மனிதர் தலையில் கை வைத்துவிட்டார். நம் முன்னோர் விவரமானவர்கள். சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதையும் ஒரு சொல் பல பொருளுக்கே ஒதுக்கிவிட்டார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதது குற்றமில்லை. முதல் அர்த்தத்தோடு அகராதியை மூடியதும், பக்கத்து மேஜையில் கேட்க வெட்கப்பட்டதும்தான் என் குற்றங்கள். எனக்குக் கும்பகோணத்துப் பெரியவர் கிடைத்தார். இன்று யாராவது உங்களிடம் இப்படி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அவரைப் போலவே நீங்களும் சிரிக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

இதை மென்மையாகவே சொல்கிறேன். இந்தத் தடவை எழுத்து மூலமாகவும் சமர்ப்பித்துவிட்டேன். எந்த அர்த்தத்தில் பார்த்தாலும் இது டெண்டர்தான்!