தாய்ப்பாலும் நோய் எதிர்ப்பும்

பிறந்த குழந்தை நோயை எதிர்க்கப் பெரிதும் தாயையே நம்பியிருக்கிறது. கருவில் இருக்கும்போது ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அதற்கு வந்து சேர்கிறது. பெரும்பகுதி வருவது கடைசி மூன்று மாதங்களில். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது போதிய அளவு கிடைப்பதில்லை. நிறைமாதக் குழந்தையிடம் உள்ள இருப்பும் மாதத்துக்கு மாதம் கரைந்துவிடும். மேலும், ஐஜிஜி ரத்தத்தில் ஓடுவது; கிருமிகள் முதலில் வந்து ஒட்டுவதோ வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரச் சவ்வில். அங்கே காவல் நிற்க வேண்டிய ஐஜிஏ என்னும் மற்றோர் எதிர்ப்பொருள், பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது தாய்ப்பால்.

பிரசவமான முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐஜிஏ மிக அடர்த்தியாக இருக்கிறது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே சுரக்கும். பால் போதவில்லை என்று வீட்டார் பதறிச் சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று புகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். குழந்தையின் சின்ன இரைப்பைக்கு அந்தச் சிறு அளவே போதும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரும் இழப்பு. தேனில் போட்யூலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயது வரை அதை நாவில் தடவவும் கூடாது.

பாலிலுள்ள ஐஜிஏ உருவாகும் வழி வியக்க வைப்பது. தாய் உண்ட சோற்றோடும் குடித்த தண்ணீரோடும் வந்த கிருமியை அவளுடைய சிறுகுடல் சுவரிலுள்ள பேயர் திட்டுகள் என்னும் நிணத் திசுக்கள் உள்ளே எடுத்து ஆராய்கின்றன. அங்கே கிருமியை இனம்கண்ட பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நிணநீரிலும் ரத்தத்திலும் பயணம் செய்து மார்பகத்தில் வந்து தங்கி, அதே கிருமிக்கு எதிரான ஐஜிஏவை உண்டாக்குகின்றன. பால் சுரப்பியின் செல்கள் அதனுடன் ஒரு புரதத் துண்டை இணைத்துப் பாலுக்குள் விடுகின்றன. செரிமானச் சாறுகள் அதை எளிதில் சிதைக்காமல் காப்பது அந்தத் துண்டுதான். குழந்தையின் குடலில் இது கிருமியைப் பற்றிக்கொண்டு, சவ்வில் ஒட்டவிடாமல் வெளியேற்றுகிறது, அழற்சியும் உண்டாவதில்லை. மூச்சுப்பாதையில் நுழையும் கிருமிகளுக்கும் இதே போன்ற வழி உண்டு. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே காற்றில் வாழ்வதால், பிள்ளையைத் தாக்கக்கூடிய கிருமிகளுக்கான எதிர்ப்பே பாலில் வருகிறது. தாய்க்குச் சளி பிடித்தால் பால் கொடுப்பதை நிறுத்திவிடும் வழக்கம் ஆகவே தவறானது. எச்ஐவி போன்ற சில நோய்களுக்கும் சில மருந்துகளுக்கும் மட்டும் மருத்துவரின் ஆலோசனை தேவை.

பாலில் வேறு காவலர்களும் உண்டு. லாக்டோஃபெரின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது. லைசோசைம் அவற்றின் சுவரை உடைக்கிறது. லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பாலில் மிகுந்திருக்கும் ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகளில் 200 வகைக்குக் குறையாமல் இனம்காணப்பட்டுள்ளன. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியங்களுக்கு இவை உணவு. அவை பெருகி அமிலம் சுரக்க, தீய கிருமிகள் தழைக்க முடிவதில்லை. பசும்பாலில் இந்தச் சர்க்கரைகள் மிகக் குறைவு.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுத் தொற்று ஆகியவை குறைவாக வருகின்றன. குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் உயிர்க்கொல்லி நோயும் குறைகிறது. தாயிடம் பால் கிடைக்காத இத்தகைய குழந்தைகளுக்காகவே தாய்ப்பால் வங்கிகள் இயங்குகின்றன. ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தானமாக வந்த பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவதால் எதிர்ப்பொருளில் ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சியது பயன் தரும்.

தாய்ப்பால் தடுப்பூசிக்கு மாற்றல்ல. வைட்டமின் டி-யும் அதில் குறைவு என்பதால் சொட்டு மருந்து தேவைப்படும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் நீர் இருப்பதால் கோடையிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பின் இரும்புச்சத்துக்காகவும் வளர்ச்சிக்காகவும் மசித்த சோறு, பருப்பு, கீரை சேர்த்து, இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ பாலைத் தொடரலாம். இரண்டாம் ஆண்டுப் பாலிலும் ஐஜிஏவும் லாக்டோஃபெரினும் இருக்கின்றன.