பம்பாயைக் காத்த இரும்புக் கப்பல்கள்

அம்பூரியில் ரப்பர் பால் வெட்டும் எனக்குச் சிறுவயது முதலே போர்க்கப்பல்கள் மீது தீராத ஆசை. சீனாவின் இரும்புக்கவசக் கப்பலான 'டிங்யுவான்' உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியில் உருவாகி, 1895இல் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் ஜப்பானியர் தாக்குதலில் சேதமடைந்து, பின்னர் சீனர்களாலேயே தகர்க்கப்பட்டது.

அதற்கும் முன்பே நமக்கு இரண்டு இரும்புக்கவசக் கப்பல்கள் இருந்தன: 'அபிசீனியா', 'மக்தாலா'. பம்பாய்த் துறைமுகத்தைக் காப்பதற்காகவே 1870இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் இரு சுழல்கோபுரங்கள். கோபுரத்துக்கு இரண்டாக 10 அங்குலப் பீரங்கிகள் நான்கு. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த உடல் என்பதால் எதிரிக்குக் குறி சிக்குவது கடினம்.

இப்பெயர்கள் 1868இல் பிரிட்டிஷ் படை அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) நடத்திய போரின் நினைவு. பம்பாயிலிருந்து சென்ற அப்படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் வரலாற்றோடு இக்கப்பல்களின் கதையும் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.