வயலில் கிடந்த பஸ்
ஏலத்தில் 4 லட்சத்து 92 ஆயிரம் டாலர்!

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஒரு வயல். அந்த வயலில் பழைய பஸ் ஒன்று கிடந்தது. எஞ்சின் இல்லை. ஆசனங்கள் இல்லை. தகரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் அதைக் கொட்டகை போல் வைத்துக்கொண்டு, மரச்சட்டங்களையும் வேலைச் சாமான்களையும் உள்ளே போட்டுவைத்தார். மழையிலும் வெயிலிலும் சுமார் 30 வருடம் அது அப்படியே நின்றது.

2001-ம் ஆண்டு அக்டோபரில் இந்தப் பஸ் ஏலத்துக்கு வந்தது. 50 ஆயிரம் டாலரில் கேள்வி தொடங்கியது. நள்ளிரவு தாண்டியும் விலை ஏறிக்கொண்டே போயிற்று. முடிவில் 4 லட்சத்து 92 ஆயிரம் டாலருக்கு ஹென்றி போர்டு மியூசியம் அதை வாங்கியது!

ஓட்டைப் பஸ்சுக்கு இத்தனை விலையா?

விலை பஸ்சுக்கு அல்ல. அதிலிருந்த ஓர் ஆசனத்துக்கு. அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "எழுந்திரு" என்றபோது எழுந்திருக்கவில்லை. அவர் பெயர் ரோஸா பார்க்ஸ்.

36 ஆசனம், மூன்று பங்கு

அலபாமாவின் தலைநகரம் மாண்ட்கோமரி. அந்த ஊர்ப் பஸ்சில் 36 ஆசனங்கள். முன்னால் இருந்த 10 வெள்ளையருக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கறுப்பர் உட்காரக் கூடாது. பின்னால் இருந்த 10 கறுப்பருக்கு. நடுவில் இருந்த 16 யாருக்கு? அதுதான் வேடிக்கை. வெள்ளையர் வராதவரை கறுப்பர் உட்காரலாம். வந்துவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஒரே ஒரு வெள்ளையர் வந்தாலும், அந்த வரிசையில் இருக்கும் நான்கு கறுப்பரும் எழுந்துவிட வேண்டும். ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் உட்காருவது ஆகாதாம்!

ஏறும்போதும் அவமானம். கறுப்பர் முன் வாசலில் ஏறிக் காசு கொடுக்க வேண்டும். பிறகு இறங்கிப் போய்ப் பின் வாசல் வழியாக ஏற வேண்டும். பின் வாசலுக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிடுவதும் உண்டு. காசு போனது போனதுதான்.

இத்தனைக்கும் அந்த ஊரில் பஸ்சில் போகிறவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் பஸ் ஓடியது.

மறந்துபோன முகம்

ரோஸா அம்மாள் ஒரு பெரிய கடையில் தையல் வேலை பார்த்தார். கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தார்.

1943-ம் ஆண்டில் ஒருநாள் அவர் பஸ்சில் முன் வாசல் வழியாக ஏறினார். டிரைவர் அவரை இறங்கச் சொன்னார். பின் வாசல் வழியாக வரச் சொன்னார். அம்மாள் இறங்கினார். ஆனால் பின் வாசலுக்குப் போகவில்லை. அந்த டிரைவர் ஓட்டும் பஸ்சில் இனி ஏறுவதில்லை என்று அன்று முடிவு செய்தார். 12 வருடம் அப்படியே இருந்தார்.

1955-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, வியாழக்கிழமை. வேலை முடிந்து பஸ் ஏறியபோது அவர் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருக்கவே மாட்டார். அவர்தான் அந்தப் பழைய டிரைவர், ஜேம்ஸ் பிளேக்!

அம்மாள் நடுப்பகுதியின் முதல் வரிசையில் உட்கார்ந்தார். சில நிறுத்தங்கள் தாண்டியதும் வெள்ளையர் ஒருவர் ஆசனம் இல்லாமல் நின்றார். நான்கு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். ரோஸா அம்மாள் நகர்ந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். கைது செய்யச் சொல்வேன் என்றார் டிரைவர். அப்படியே செய்யலாம் என்றார் அம்மாள்.

போலீசார் இருவர் வந்து அழைத்துப் போனார்கள். அப்போது அவருக்கு வயது 42.

பகல் முழுதும் வேலை செய்த களைப்பால் அவர் எழுந்திருக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. உடம்பில் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிற்று என்பதே அவர் பின்னால் சொன்ன விளக்கம்.

381 நாள்

அன்று இரவே ஊரிலிருந்த பெண்கள் சங்கத்தினர் கண்விழித்து ஆயிரக்கணக்கில் நோட்டீசு அச்சிட்டார்கள். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பது செய்தி. ஒருநாள் மட்டும்தான் என்று தொடங்கியது. அந்த ஒருநாள் 381 நாளாக நீண்டது. போராட்டத்தை நடத்த அமைந்த சங்கத்துக்குத் தலைவரான பாதிரியாருக்கு வயது 26. அவர்தான் மார்டின் லூதர் கிங்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். கறுப்பரான டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 காசுக்கே ஆட்களை ஏற்றினார்கள். 45 காசுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்று நகர அதிகாரிகள் மிரட்டினார்கள். உடனே மக்கள் தங்கள் சொந்தக் கார்களை விட்டார்கள். மாதா கோவில்களும் கார் வாங்கி ஓட்டின.

பஸ் கம்பெனிக்குப் பெருத்த நஷ்டம். ஆனாலும் வழக்கம் மாறவில்லை. கடைசியில் மாற்றியது கோர்ட்டு. 1956-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, பஸ்சில் நிறம் பார்த்துப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று முடிவு செய்தது. ஆனால் அந்த வழக்கில் ரோஸா அம்மாளின் பெயர் இல்லை! வழக்குப் போட்டவர்கள் வேறு நான்கு பெண்கள். அவர்களில் ஒருவர் கிளாடெட் கோல்வின். ரோஸா அம்மாளுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே போல் எழுந்திருக்க மறுத்துக் கைதானவர். அவரை உலகம் வெகுநாள் அறியவில்லை.

அன்றைய படம் அல்ல!

ரோஸா அம்மாளின் கைது என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரு படம். கையில் 7053 என்ற எண் பலகையுடன் அவர் நிற்பார். அது டிசம்பர் 1-ந் தேதி எடுத்தது அல்ல. 1956 பிப்ரவரியில், பஸ் புறக்கணிப்புக்காகச் சுமார் 90 பேர் மீது வழக்குத் தொடர்ந்தபோது எடுத்தது. விரல் ரேகை பதிக்கும் படமும் அப்போது எடுத்ததுதான்.

இன்னொரு படத்தில் அம்மாள் பஸ் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்க்கிறார். பின் ஆசனத்தில் கடுகடுத்த முகத்துடன் ஒரு வெள்ளையர். இடம் கேட்டவர் இவர்தான் என்று நினைப்பவர் உண்டு. இல்லை. அவர் ஒரு பத்திரிகை நிருபர்! தடை நீங்கிய 1956 டிசம்பர் 21-ந் தேதி படத்துக்காகவே இருவரும் அப்படி உட்கார்ந்தார்கள்.

பெயரெடுத்த படம் எதுவும் அந்த மாலையைச் சேர்ந்தது அல்ல. அந்த மாலையிலிருந்து எஞ்சியவற்றில் பஸ்சும் ஒன்று.

துப்புக் கொடுத்த நோட்டு

சரி, வயலில் கிடந்ததுதான் அந்தப் பஸ் என்று எப்படித் தெரியும்? 1970-ஐ ஒட்டிக் கழித்துக்கட்டிய பஸ்சை அவர் வாங்கியபோது, கம்பெனி ஆள் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். காகிதச் சான்று கிடையாது.

பிற்பாடு சான்று கிடைத்தது. போராட்டம் நடந்த காலத்தில் மாண்ட்கோமரி பஸ் நிலைய மானேஜர், பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவந்தார். கைதுச் செய்தியின் பக்கத்தில், பிளேக் என்ற பெயரையும் 2857 என்ற எண்ணையும் எழுதியிருந்தார். வயலில் கிடந்த பஸ்சின் எண்ணும் 2857! கையெழுத்து நிபுணர் அந்த நோட்டைச் சோதித்து, உண்மையானதே என்றார். மியூசியம் பஸ்சோடு நோட்டையும் சேர்த்து வாங்கிவிட்டது.

1948-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த பஸ் அது. மஞ்சள், பச்சை, வெள்ளை நிறம். பழையபடி ஆக்க 3 லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று. 2003 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வந்தது. பார்க்க வருகிறவர்கள் ஏறி உட்காரலாம்.

மியூசியம் இருக்கும் டியர்பார்ன், டெட்ராய்ட் நகரத்தை அடுத்தது. போராட்டத்தில் வேலை இழந்த ரோஸா அம்மாள் 1957-ல் குடிபெயர்ந்து வந்த ஊரும் டெட்ராய்ட்தான். 2005 அக்டோபர் 24-ந் தேதி 92-வது வயதில் அவர் காலமானார். டெட்ராய்ட்டிலும் மாண்ட்கோமரியிலும் பஸ்களின் முன் ஆசனத்தில் கறுப்பு ரிப்பன் கட்டி, யாரும் உட்காராமல் காலியாக விட்டார்கள்.

2012 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, 2857-ம் எண் பஸ்சில் ஏறித் தனியாகச் சிறிது நேரம் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே அவர் பார்க்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அவர் அமர்ந்தது ரோஸா அம்மாள் உட்கார்ந்த அதே வரிசை. ஆசனம் மட்டும் எதிர்ப்பக்கம்.