மூட்டையும் லேப்டாப்பும்: திருப்பூரின் பழைய ஒர்க் ஃப்ரம் ஹோம்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுல பாதி ஒரே விஷயம்தான்: "வீட்ல இருந்து வேலை பார்க்கிறேன், வேலை எப்ப முடியுதுன்னே தெரியல." எனக்கும் அதே கதைதாங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். வாரத்துல நாலு நாள் வீட்டிலிருந்துதான் வேலை.

வெளிநாட்டு பையருக்கும் இங்க இருக்கிற டையிங், பிரிண்டிங், தையல் யூனிட்டுக்கும் நடுவுல நிக்கிற ஆள் நான். காலையில 9 மணிக்கு டையிங்ல இருந்து போன் வந்துடும். ஜெர்மனியில ஆபீஸ் திறக்கிற 9 மணி, குளிர்காலத்துல நமக்கு மதியம் 1.30. நியூயார்க்குல காலை 9, நமக்கு ராத்திரி 7.30. யாரும் தப்பு பண்ணல, அவங்கவங்க காலையிலதான் மெயில் போடறாங்க. மூணு ஊரோட காலைப்பொழுதும் சேர்ந்து எனக்கு ஒரே நாளாயிடுது.

கம்பெனிக்குள்ள இதுக்கு ஒரு அளவு இருக்கு. எவ்வளவு நேரம் வேலைன்னு திருப்பூர்ல கேட்டா மணிக்கணக்கு சொல்ல மாட்டாங்க, ஷிப்ட் கணக்குதான். காலை 8.30-லிருந்து சாயங்காலம் 5.30 வரைக்கும் ஒரு ஷிப்ட். ராத்திரி 8.30 வரை நின்னா ஒன்றரை ஷிப்ட். ஓவர்டைமுக்குச் சட்டம் சொல்ற இரட்டைக் கூலி கிடைக்குதாங்கிறது வேற சண்டை. ஆனா அந்த அரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளத்துல ஒரு கணக்காவது ஏறும். வீட்ல அந்த அரையே கிடையாது.

ஒரு வாரம் நோட்டுல நேரத்தை எழுதிப் பார்த்தேன். முதல் போன் 9.00, கடைசி மெயில் 10.40. சாப்பிட்டது, துணி காயப்போட்டது எல்லாம் கழிச்சும் ஒன்றரை ஷிப்ட் வந்துச்சு. நோட்டை அம்மாகிட்ட காட்டினா சிரிக்கிறாங்க. "ஏஞ்சாமி, நான் இருபது வருசமா இதைத்தானே பண்றேன்?"

அம்மாவுக்குப் பிசிறு வெட்டுற வேலை. தைச்ச பனியன்ல நீட்டிக்கிட்டு நிக்கிற நூலை வெட்டி, மடிச்சுக் கொடுக்கணும். கூலி பீஸ் கணக்கு. கான்ட்ராக்டர் சாயங்காலம் மொபெட்ல மூட்டையை இறக்கிட்டுப் போவார், விடிஞ்சதும் எடுக்க வருவார். என் பத்தாவது பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூட நான் கத்திரி பிடிச்சிருக்கேன். லைட்டு நம்மது, இடம் நம்மது, கூடமாட உட்கார்ற புள்ளைங்களும் நம்மது. கூலியில இது எதுவும் சேராது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல வீட்டிலிருந்து வேலை செய்றவங்களுக்காகவே ஒரு உடன்படிக்கை போட்டுச்சு, எண் 177. எப்பவாவது ஒருநாள் ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வர்றவங்க அதுல வரமாட்டாங்க. ஆனா கூலிக்காக வழக்கமா வீட்டிலிருந்தே செய்றவங்க வருவாங்க. அதாவது கத்திரி வச்சிருக்கிற அம்மாவும் லேப்டாப் வச்சிருக்கிற நானும் ஒரே வரையறைக்குள்ள! இந்தியா அதுல சேரல. நம்ம 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புல வீட்டிலிருந்து வேலை செய்றவங்களுக்கு வரையறை இருக்கு, ஆனா ராத்திரி எத்தனை மணியோட நிறுத்தலாம்னு அதுல இல்லை. பிரான்ஸ்ல 2017-லிருந்து, வேலை நேரத்துக்கு அப்புறம் மெயில் பார்க்காம இருக்கிறதே ஒரு உரிமை.

நான் மேனேஜர்கிட்ட பேசினேன். "ஒரு ஷிப்ட் முழுசா தர்றேன், எந்த ஒன்பது மணி நேரம்னு மட்டும் சொல்லுங்க." 'பேலன்ஸ்'னு ஆரம்பிச்சிருந்தா யோகா வீடியோ அனுப்பியிருப்பாங்க. ஷிப்ட்னதும் புரிஞ்சுது. இப்ப 11.30-லிருந்து 8.30. காலையில வர்ற டையிங் போனை ஃபுளோர்ல இருக்கிறவங்க எடுக்கிறாங்க. ஷிப்மென்டுக்கு ஒரு வாரம் இருக்கிற ஸ்டைலுக்கு மட்டும் ராத்திரி உட்காருவேன், அதை 'ஒன்றரை'ன்னு எழுதுவேன், மறுநாள் லேட்டா தொடங்குவேன். ஒரு மாசமா ஓடுது. சீசன்ல என்ன ஆகும்னு தெரியாது.

அம்மாவுக்கு மேனேஜர் கிடையாது. வேண்டாம்னா மூட்டை அடுத்த வீட்டுக்குப் போயிடும். அதனால எங்க தெருவுல அஞ்சு வீடும் பேசி வச்சு, ஆறு மணிக்கு மேல மூட்டை இறக்க வேண்டாம்னு சொன்னாங்க. கான்ட்ராக்டர் ரெண்டு நாள் வரவே இல்லை. மூணாவது நாள் நாலரைக்கே வந்துட்டார். மூட்டை மட்டும் முன்னைவிடப் பெருசு.