ஆடைத் தொழிற்றுறையில் தையல் மட்டுமே நம் கையில்

'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்ற வாசகம் தாங்கிய ஆடைகள் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் விற்பனையாவதை நாம் பெருமையுடன் குறிப்பிடுவதுண்டு. ஆனால், அத்தகைய ஆடையொன்றில் இலங்கைக்குரியது எது என்று வினவினால், பதில் அவ்வளவு எளிதன்று. துணியின் பெரும்பகுதி சீனா, இந்தியா, தாய்வான் போன்ற நாடுகளிலிருந்து வருகின்றது. எவ்வளவு தைப்பது, எப்போது கப்பலேற்றுவது, என்ன விலை என்பவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொள்வனவாளரே தீர்மானிக்கின்றார். எஞ்சியிருப்பது வெட்டித் தைக்கும் உழைப்பு.

இந்நிலைமை தற்செயலாக உருவானதல்ல. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமாகி, 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டபோது இங்கு முதலீட்டாளர்கள் வந்தமைக்குக் குறைந்த கூலி மட்டும் காரணமன்று. 1974 முதல் நடைமுறையிலிருந்த பல்நார் உடன்படிக்கையின் கீழ், மேற்கு நாடுகள் வளர்முக நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்குக் கோட்டா விதித்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களில் தமது கோட்டாவை நிரப்பிவிட்ட உற்பத்தியாளர்கள், கோட்டா மீதமிருந்த நாடுகளைத் தேடி வந்தனர். 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச ஆரம்பித்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றது.

2004 டிசம்பர் 31 உடன் கோட்டா முறை முடிவுற்றபோது இத்தொழிற்றுறை அழிந்துவிடும் என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நடைபெறவில்லை. சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்ட போதிலும், பெரிய நிறுவனங்கள் உள்ளாடை, விளையாட்டு ஆடை போன்ற நுட்பமான தயாரிப்புகளுக்கு மாறின. வடிவமைப்பையும் தாமே பொறுப்பேற்றதோடு, வெளிநாடுகளிலும் தொழிற்சாலைகளை அமைத்தன. நம்மவர்களின் இந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் துணிப் பிரச்சினை தீரவில்லை. 2005 இல் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை, மனித உரிமைச் சமவாயங்களை நடைமுறைப்படுத்தத் தவறியமைக்காக 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் இடைநிறுத்தியது; 2017 இலேயே அது மீளக் கிடைத்தது. அது கிடைத்தும்கூட அதனை முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. ஆடை தைக்கப்படுவதுடன், துணியும் இங்கோ பிராந்திய நாடொன்றிலோ உற்பத்தியாகியிருக்க வேண்டும் என்பது அச்சலுகையின் நிபந்தனை. சீனத் துணியில் தைத்த சட்டைக்குச் சலுகை இல்லை. பிரித்தானியா தனது விதிகளைத் தளர்த்துவதாக 2025 யூலையில் அறிவித்தமை ஆறுதலான செய்தியே.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரியை அறிவித்தது. அது பின்னர் 30 ஆகி, ஆகஸ்டில் 20 வீதமாகக் குறைந்தது. நமது ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்கே செல்வதால், அந்நான்கு மாதங்களும் தொழிற்சாலைகளில் நிலவிய கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய வேளைகளில் கொள்வனவாளர் விலையைக் குறைக்கச் சொல்வார். துணி விலையைக் குறைக்க முடியாது. கப்பற் கட்டணத்தையும் குறைக்க முடியாது. ஆகவே சுமை இறுதியில் 'டாகட்' எனப்படும் மணித்தியால இலக்காக, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் யுவதியின் மீது விழுகின்றது. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. வாடகை அறையில் தங்கி, ஊருக்கும் பணம் அனுப்பும் ஒருத்திக்கு மேலதிக நேர வேலையின்றி அது போதுமா?

போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பின் புணானையிலும் அமைந்த தொழிற்சாலைகள், மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தவிர வேறு வழியற்றிருந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு உள்ளூரிலேயே வருமானம் தந்துள்ளன. ஓடர்கள் குறைந்தால் முதலில் பாதிக்கப்படப்போவதும் இவர்களே. 2025 மே மாதத்தில் கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்ததைக் கண்டோம்.

துணியை இங்கேயே உற்பத்தி செய்வதற்கென ஏறாவூரில் ஒரு வலயத்தை அமைக்கும் திட்டம் சில ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டது. திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால் துணிக்குச் சாயமிடுவதற்குப் பெருமளவு நீர் வேண்டும். கழிவுநீரும் அதே அளவில் வெளியேறும். அந்நீர் எங்கிருந்து எடுக்கப்படும், சுத்திகரிக்கப்பட்டு எங்கே விடப்படும் என்பதை, வாவியையும் கடலையும் நம்பி வாழும் அப்பகுதி மீனவரிடம் அவர்களது மொழியிலேயே அதிகாரிகள் முற்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வேலைவாய்ப்பில் எத்தனை பேர் அவ்வூர்களைச் சேர்ந்தோராக இருப்பர் என்பதையும் அப்போதே எழுத்தில் தருவது நல்லது.